சாதாரண காந்தாரமா, அந்தரமா? ப்ளூஸ், ஜாஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கல்யாண பேண்டு செட் பற்றிச் சில இதழ்களுக்கு முன் வந்த கட்டுரையில், ‘இதே டிரம்பெட்டும் கிளாரினெட்டும்தான் அமெரிக்காவில் ஜாஸ் ஆயின’ என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து வந்த கடிதங்கள் கட்டுரையைவிட நீளம். இடம் இருக்கும் மட்டும் பதில் தருகிறோம்.

டிரம்பெட் ஊத ஆரம்பிச்சு இருபது வருஷம் ஆச்சு. ப்ளூஸ் வேற, ஜாஸ் வேறங்கறாங்க. கேட்டா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. எங்கேதான் பிரியுது?
— பேண்டு செட் கலைஞர், குடியாத்தம்

ப்ளூஸ் ஒரு பாட்டு அச்சு. ஜாஸ் என்பது வாசிக்கிற விதம். ஜாஸ்காரர்கள் ப்ளூஸ் அச்சிலும் வார்ப்பார்கள், மார்ச்சையும் ராக்டைமையும் (அந்தக் காலத்துத் துள்ளல் பியானோ இசை) கோயில் பாட்டையும் நாடகப் பாட்டையும் எடுத்து வார்ப்பார்கள். அதனால்தான் ஒரே மெட்டு இரண்டு பக்கமும் கேட்கிறது.

ஆனால் பிறந்த இடம் வேறு. ப்ளூஸ் பிறந்தது மிசிசிப்பி டெல்டா, கிழக்கு டெக்சாஸ் போன்ற பருத்திக் காடுகளில். 1865-இல் அடிமை முறை ஒழிந்ததும் வேலையின் அமைப்பே மாறியது. கங்காணியின் கண்பார்வையில் கூட்டமாகக் களை கொத்தியவர்கள், குடும்பம் குடும்பமாகப் பிரிந்து வாரத்துக்கு நிலம் பிடித்து உழுதார்கள். விதையும் மளிகையும் நிலக்காரர் கடையில் கடன். அறுவடைக்குப் பின் கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. கூட்டமாக உழைத்த காலத்தில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். இப்போது ஏருக்குப் பின்னால் நடப்பது ஒற்றை ஆள். எடுத்துக் கொடுக்கலாம், வாங்கிப் பாட யாரும் இல்லை. அந்தப் பின்பாட்டு வேலையைக் கிட்டார் ஏற்றுக்கொண்டது. ப்ளூஸில் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் கிட்டார் பதில் சொல்வதை இதை வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

ஜாஸ் பிறந்தது நியூ ஆர்லியன்ஸ் என்ற துறைமுக நகரத்தில், 1900-ஐ ஒட்டி. அங்கே மூலைக்கு மூலை பேண்டு. நகரின் ஒரு பக்கம் நொட்டேஷன் பார்த்து வாசிக்கத் தெரிந்த கிரியோல் குடும்பங்கள், இன்னொரு பக்கம் காதால் கேட்டு வாசிக்கும் கறுப்பின மக்கள். கிரியோல்கள் பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க வம்சக் கலப்பு; தங்களைத் தனி வகுப்பாக எண்ணியிருந்தவர்கள். வெள்ளையருக்கு ஒதுக்கிய ரயில் பெட்டியில் ஏறிய ஹோமர் பிளெஸ்ஸி என்ற கிரியோல் மீது நடந்த வழக்கில், 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினை செல்லும் என்றது. அந்தக் காலத்துச் சட்டங்கள் இரண்டு பக்கத்தாரையும் ஒரே பட்டியில் அடைத்தன. ஏட்டு வாசிப்பும் காது வாசிப்பும் ஒரே மேடையில் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மேடையில் முதலில் பெயர் வாங்கியவர் படி போல்டன், கார்னெட் (டிரம்பெட்டின் குட்டை உறவு) வாசித்தவர். 1907-இல் மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1931-இல் அங்கேயே இறந்தார். அவர் ஊதியதில் ஒரு நொடிகூடப் பதிவாகிக் கிடைக்கவில்லை.

முன்வரிசையில் மூன்று பேர். கார்னெட் மெட்டைப் பிடித்துப் போகும், கிளாரினெட் அதற்கு மேலே கொடிபோலச் சுற்றும், டிராம்போன் கீழே இழுத்து இழுத்து முட்டுக் கொடுக்கும். உங்கள் செட்டில் எல்லாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து ஊதுகிறீர்கள் அல்லவா? பிரிகிற இடம் அதுதான்.

‘பன்னிரண்டு பார் ப்ளூஸ்’ என்கிறார்கள். தாளம் போட்டு எண்ணிப் பார்க்க முடியுமா?
— கர்நாடக சங்கீத மாணவி, சத்துவாச்சாரி

தாராளமாக. பார் என்றால் நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு கட்டம் (டாஸ்மாக் பக்கத்தில் இருப்பது வேறு). பன்னிரண்டு கட்டம், நாற்பத்தெட்டு எண்ணிக்கை. ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம். ஓர் அடிக்கு இரண்டு ஆவர்த்தனம் வீதம் மூன்று அடி.

ஒரு கட்டைக்குச் சுருதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு பார் முழுக்க ஷட்ஜத்தின் கார்ட் (கார்ட் என்றால் சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது). ஐந்து, ஆறு மத்யமத்தின் கார்ட். ஏழு, எட்டு மீண்டும் ஷட்ஜம். ஒன்பது பஞ்சமத்தின் கார்ட், பத்து மத்யமம், கடைசி இரண்டும் ஷட்ஜம். பன்னிரண்டாவதின் முடிவில் பஞ்சமத்தைத் தொட்டால் அடுத்த சுற்றுக்குத் தானாக இழுத்துக்கொண்டு போகும்.

சாகித்தியம் எளிது. முதல் அடி, அதே அடி மறுபடி, பிறகு அதற்குப் பதில் அடி. தமிழில் பாடிப் பார்க்க வேண்டுமென்றால் இப்படி:

பாலாறு காஞ்சு போச்சே, மணலு காலைச் சுடுதே,
பாலாறு காஞ்சு போச்சே, மணலு காலைச் சுடுதே,
குடம் தூக்கி வந்தவ கண்ணுல மட்டும் தண்ணி ஓடுதே.

ஓர் அடிக்குப் பதினாறு எண்ணிக்கை. பாடுவதை எட்டு, ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும், மீதி வாத்தியத்துக்கு. கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுவார்கள். காலி இடம் கிடைத்ததும் ஒரு சங்கதி போட்டு நிரப்பிவிடுவார்கள். நிரப்பினால் ப்ளூஸ் போய்விடும், பதில் சொல்ல ஆளுக்கு இடமில்லை. இரண்டாவது தவறு, ஐந்தாம் பாரில் கார்ட் மாறும்போது மெட்டையும் மத்யமத்துக்குத் தூக்கிவிடுவது. மெட்டு கிட்டத்தட்ட அதேதான். காலடியில் தரை மட்டும் நகர்கிறது.

இன்னொன்று. டெல்டாவில் தனியாகப் பாடியவர்கள் இந்தக் கணக்கைக் கறாராகப் பார்க்கவில்லை. பதினொன்றரை வரும், பதின்மூன்றும் வரும். பக்கத்தில் யாரும் வாசிக்காதபோது மூச்சுதான் தாளம். அச்சடித்த பாட்டுப் பிரதிகளும் பேண்டுகளும் வந்த பிறகுதான் பன்னிரண்டு என்று உறுதிப்பட்டது. அந்தப் பிரதிகளில் முக்கியமானவை டபிள்யூ. சி. ஹேண்டி 1912-இல் வெளியிட்ட ‘மெம்ஃபிஸ் ப்ளூஸ்’, 1914-இல் வெளியிட்ட ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’.

ப்ளூ நோட் என்று தூக்கிப் பிடிப்பது நம்முடைய கமகம்தானே? இங்கிருந்து போனதுதானே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆரணி

போகவில்லை, ஐயா. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து போன குரல் பழக்கத்தோடுதான் இதைப் பொருத்திப் பார்க்கிறார்கள். நமக்கு இதில் பங்கு இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் நிறைய இருக்கிறது.

ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். பாடிப் பாருங்கள், சுத்த தன்யாசி. இடையில் பிரதி மத்யமத்தைப் போகிறபோக்கில் தொட்டால், புத்தகத்தில் ‘ப்ளூஸ் ஸ்கேல்’ என்று போட்டிருப்பது கிடைத்துவிடும். ஆனால் சுத்த தன்யாசி பாடிவிட்டு ப்ளூஸ் பாடினோம் என்று சொல்ல முடியாது. காரணம் கீழே வாசிக்கிற கார்ட். ஷட்ஜத்தின் கார்டில் இருப்பது ச, அந்தர காந்தாரம் (சாதாரணத்துக்கு அரை ஸ்வரம் மேலே), ப. ப்ளூஸில் இதோடு கைசிகி நிஷாதத்தையும் சேர்ப்பார்கள். கிட்டார் அந்தரத்தைப் பிடித்திருக்கும்போது பாடுகிறவர் சாதாரணத்தில் நிற்கிறார். பல நேரம் அதிலும் நிற்பதில்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறார். அந்த இடம்தான் ப்ளூ நோட். நம் ராகங்களில் இரண்டு காந்தாரமும் வந்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரயோகம் பார்த்து வரும். இங்கே இரண்டும் ஒரே நேரத்தில் உரசுகின்றன. அந்த உரசல்தான் சரக்கு.

மத்யமத்தின் கார்டுக்குப் போனதும் ஒரு வேடிக்கை. அதிலும் அப்படியே அதன் ஏழாவது ஸ்வரத்தைச் சேர்த்தால் ம, சதுச்ருதி தைவதம், ச, சாதாரண காந்தாரம். சற்று முன் உரசிய அதே ஸ்வரம் இப்போது கார்டுக்குள்ளேயே வீட்டுப் பிள்ளையாக உட்கார்ந்துவிடுகிறது. பாடுபவர் நகரவே இல்லை, உரசல் தீர்ந்தது. ஐந்தாம் பாரில் ஏதோ இறங்கி ஆறுதலாக ஆனதுபோல் தோன்றுவது இதனால்தான்.

பியானோவில் இரண்டு கட்டைக்கு நடுவில் எதுவும் கிடையாது. அதனால் கறுப்புக் கட்டையிலிருந்து பக்கத்து வெள்ளைக்கு விரலை வழுக்குவார்கள், அல்லது இரண்டையும் சேர்த்து அழுத்துவார்கள். இல்லாத ஸ்வரத்துக்கு ஓர் ஏமாற்று.

மவுத்ஆர்கன் வாங்கி ஆறு மாசம் ஆகுது. ‘பெண்டு’ செய்ய வரவே மாட்டேங்குது. எவ்வளவு இழுத்தாலும் அதே சத்தம்தான்.
— கல்லூரி மாணவர், ஆம்பூர்

கையில் இருப்பதைத் திருப்பிப் பாருங்கள். மேலும் கீழுமாக இரண்டு வரிசைத் துளைகள், மொத்தம் 48 என்றால் அது ட்ரெமலோ வகை. நம் கடைகளில் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான். சினிமாப் பாட்டுக்கு இனிமையாக அலையும், ப்ளூஸுக்கு உதவாது. அதில் ஒவ்வொரு நாக்குக்கும் (காற்றில் அதிரும் உலோகத் தகடு) தனி அறை. பெண்டு, அதாவது ஸ்வரத்தை வளைத்துத் தாழ்த்துவது, நடக்க வேண்டுமானால் ஊதும் நாக்கும் இழுக்கும் நாக்கும் ஒரே அறையில் இருக்க வேண்டும். இழுக்கும் ஸ்வரத்தைத் தாழ்த்தும்போது உண்மையில் இரண்டு நாக்கும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஸ்வரம் ஊதும் நாக்கின் பக்கம் இறங்குகிறது. நீங்கள் வாங்க வேண்டியது ஒற்றை வரிசை, 10 துளை, 20 நாக்கு கொண்ட டயட்டானிக் வகை, ஒரு கட்டைச் சுருதியில் (சி).

ப்ளூஸுக்கு அதை ஒரு கட்டையில் வாசிக்க மாட்டார்கள், ஐந்து கட்டையில் (ஜி) வாசிப்பார்கள். இரண்டாம் துளையை இழுத்தால் வருவதே உங்கள் ஷட்ஜம். இப்போது மூன்றாம் துளையில் இழுப்பது அந்தர காந்தாரம். கொஞ்சம் தாழ்த்தினால் சாதாரணம். நடுவில் நிறுத்தினால் ஆரணி வாசகரோடு பேசிக்கொண்டிருந்தோமே, அது. நான்காம் துளையில் இழுப்பது பஞ்சமம், அரை ஸ்வரம் தாழ்த்தினால் பிரதி மத்யமம். ஐந்தாம் துளை கைசிகி நிஷாதம். முக்கியமான ஸ்வரங்கள் எல்லாம் இழுப்பில் விழுகின்றன, தாழ்த்த முடிவதும் அங்கேதான். மூச்சை உள்ளே இழுத்து வாசிப்பதால் அழுகை சாயலும் சேர்ந்துவிடும்.

பயிற்சியை நான்காம் துளையில் தொடங்குங்கள். முதலில் ஒரே துளை மட்டும் சுத்தமாக ஒலிக்க வேண்டும், பக்கத்துத் துளை கசிந்தால் எதுவும் நடக்காது. இழுத்தபடியே வாய்க்குள் ‘ஈ’ என்ற நிலையிலிருந்து ‘ஊ’ என்ற நிலைக்கு நாக்கைப் பின்னால் கொண்டு போங்கள், தாடை சற்றே இறங்கட்டும். பலமாக இழுக்காதீர்கள். பலம் காட்டினால் உலோக நாக்கு சோர்ந்து சுருதி தாழ்ந்துவிடும், ஒரு நாள் ஒடிந்தும் போகும். நான்கு வந்த பிறகு மூன்று. அதில் முழுசாக மூன்று அரை ஸ்வரம் இறங்கும், ஆகவே நடுவில் நிறுத்துவது கடினம். ஐந்தாம் துளையோடு மல்லுக்கட்ட வேண்டாம். அங்கே இரண்டு நாக்குக்கும் இடைவெளியே அரை ஸ்வரம்தான், இறங்க இடமில்லை. பிரியாணி சாப்பிட்ட கையோடு வாசிக்காமல் வாய் கொப்பளியுங்கள். வாசித்து முடித்ததும் துளைகள் கீழே பார்க்க உள்ளங்கையில் தட்டி எச்சிலை வெளியேற்றுங்கள்.

கிட்டாரில் பாட்டில் கழுத்தை வைத்துத் தேய்க்கிறார்களே, எந்தப் பாட்டில்? கையைக் கிழிக்காதா?
— தொழிற்சாலை ஊழியர், ராணிப்பேட்டை

உடைத்த பாட்டில் வேண்டவே வேண்டாம். நீங்கள் இருப்பது ராணிப்பேட்டை. பட்டறையில் சொன்னால் ஸ்டீல் குழாயில் 6 செ.மீ. நறுக்கி இரண்டு முனையையும் ராவிக் கொடுப்பார்கள். மோதிர விரலில் அல்லது சுண்டு விரலில் நுழைந்து லேசாகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் அளவு. வெளிப்பக்கம் வழவழவென்று இருக்க வேண்டும். கோடு விழுந்த குழாய் கரகரக்கும்.

கம்பிகளை இறக்கிக் கட்டுங்கள். ஆறாம் கம்பியை மூன்று கட்டையிலிருந்து இரண்டுக்கு, ஐந்தாவதை ஆறிலிருந்து ஐந்துக்கு, முதல் கம்பியை மூன்றிலிருந்து இரண்டுக்கு. மற்ற மூன்றும் இருந்தபடி. வெறும் கையால் மீட்டினாலே ஐந்து கட்டைக் கார்ட் ஒலிக்கும். குழாயை ஐந்தாம் ஃப்ரெட்டில் வைத்தால் மத்யமத்தின் கார்ட், ஏழாம் ஃப்ரெட்டில் பஞ்சமத்தின் கார்ட். சத்துவாச்சாரி மாணவிக்குச் சொன்ன பன்னிரண்டு பாரும் 0, 5, 7 என்ற மூன்று இடத்தில் முடிந்துவிட்டன.

குழாயை ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிறுத்த வேண்டும். விரல் வைக்கிற பழக்கத்தில் இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே வைத்தால் சுருதி தாழ்ந்தே இருக்கும். அழுத்தவும் கூடாது, கோட்டுவாத்தியத்தில் கட்டை மிதப்பதுபோல் மிதக்க வேண்டும். ‘டக் டக்’ என்று இடித்தால் கம்பி மரத்துக்கு மிக நெருக்கம் என்று பொருள், பிரிட்ஜைச் சற்று உயர்த்துங்கள். குழாய்க்குப் பின்னால் ஒரு விரல் கம்பிகளைத் தொட்டபடியே வந்தால் பின்பக்கக் கிறீச்சொலி அடங்கும்.

டெல்டாவில் பல பிள்ளைகள் இதைக் கிட்டார் இல்லாமலே கற்றார்கள். வீட்டுச் சுவரில் இரண்டு ஆணி, நடுவில் இழுத்துக் கட்டிய ஒற்றைக் கம்பி, முட்டுக்கு ஒரு பாட்டில், தேய்க்க இன்னொன்று.

எங்க ஊர்ல சாவு ஊர்வலத்துல மேளம் அடிச்சு ஆடுறது வழக்கம். நாகரிகம் இல்லைன்னு சிலர் சொல்றாங்க. அமெரிக்காவிலும் அப்படி ஆடுற ஒரு வீடியோ பார்த்தேன். நிஜமா?
— டிரம் வாசிப்பவர், பேரணாம்பட்டு

நிஜம். நியூ ஆர்லியன்ஸில் அது மரியாதைக்குரிய வழக்கம். மாதாமாதம் சந்தா கட்டும் உதவிச் சங்கங்கள் இருந்தன; உறுப்பினர் இறந்தால் அடக்கச் செலவையும் பேண்டையும் சங்கமே பார்த்துக்கொள்ளும். உங்கள் ஊர் வழக்கத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். அங்கே போகும்போது ஆட்டம் கிடையாது. கல்லறைக்குப் போகும் வழியில் மெதுவான தேவ கீதம்தான். சைடு டிரம்மின் அடித்தோலுக்கும் அதன் கீழே ஓடும் நரம்புக் கம்பிகளுக்கும் நடுவே கைக்குட்டையைச் செருகிவிடுவார்கள். ‘சர்ர்’ என்ற ஓசை அடங்கி ‘தொம் தொம்’ என்று மட்டும் கேட்கும். அடக்கம் முடிந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகு, கைக்குட்டையை உருவி எடுத்ததும் டிரம் விறைப்பாக உருளும். பேண்டு துள்ளலாக மாறும். பின்னால் குடையும் கைக்குட்டையுமாக ஆடி வருகிற கூட்டத்துக்கு ‘செகண்ட் லைன்’ என்று பெயர்.

மேளம் நாகரிகமா என்ற கேள்வி அங்கும் பழையது. 1739-இல் தென் கரோலினாவில் அடிமைகள் டிரம் கொட்டிக் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் டிரம், ஊதுகொம்பு வைத்திருக்கத் தடை வந்தது. மேளம் போனதும் தொடையிலும் மார்பிலும் தட்டித் தாளம் பிடித்தார்கள். பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சியில் வளர்ந்த நியூ ஆர்லியன்ஸில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளில் கூடிக் கொட்டும் வழக்கம் நிலைத்தது. 1817-இல் நகராட்சி அதை ஓரிடத்துக்குள் கட்டிப்போட்டது. அந்த இடம்தான் காங்கோ சதுக்கம்.

எங்கள் கிராமத்து ஆலயத்தில் பாட்டுப் புத்தகம் இல்லாதவர்களுக்காக ஒருவர் வரியைச் சொல்ல, சபை அதை வாங்கிப் பாடும். கறுப்பின மக்களின் சபைகளிலும் இப்படியா?
— பாடகர் குழு உறுப்பினர், வேலூர்

ஆம். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வந்த முறை அது. அமெரிக்கா போய்க் கறுப்பின சபைகளில் நிலைத்தது. அங்கே அதை இன்னும் மெதுவாக்கி, ஓர் அசையை நீட்டி ஆளாளுக்குத் தங்கள் போக்கில் வளைத்தார்கள். ப்ளூஸ் குரலுக்கு அதுவும் ஒரு பள்ளிக்கூடம். ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் என்ற குழு 1871 முதல் இந்த மக்களின் ஆன்மிகப் பாடல்களை மேடைக்குக் கொண்டுபோனது. அவர்களின் வழிவந்த ஒரு குழு 1884 முதல் 1890 வரை உலகம் சுற்றியபோது இந்தியாவிலும் பாடியது.

ராபர்ட் ஜான்சன் நள்ளிரவில் நாற்சந்தியில் பேயிடம் ஆன்மாவை விற்றுக் கிட்டார் கற்றாராமே?
— வாணியம்பாடி வாசகர்

புளியமரத்து முனி கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதா? இதே கதையை டாமி ஜான்சன் என்ற இன்னொரு பாடகரைப் பற்றி முன்பே சொன்னார்கள். டெல்டா ப்ளூஸ் பாடகரான ராபர்ட் ஜான்சனுக்கு ஐக் சிம்மர்மன் என்று ஒரு வாத்தியார் இருந்தார். இருவரும் இரவில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். அங்கேதான் ‘சத்தம் போடாதே’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஜான்சன் 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லாஸிலும் பதிவு செய்தது 29 பாட்டு. 1938-இல் இறந்தபோது வயது 27.

ஜாஸ் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்?
— திருப்பத்தூர் வாசகர்

துடிப்பு, உற்சாகம் என்று வைத்துக்கொள்ளலாம். அச்சில் முதலில் வந்தது 1912, 1913-இல், கலிஃபோர்னியா பத்திரிகைகளின் பேஸ்பால் செய்திகளில். இசைக்கு அந்தப் பெயர் ஒட்டியது பிறகு, சிகாகோவில். போல்டன் வாசித்த நாளில் அதை யாரும் ஜாஸ் என்று கூப்பிடவில்லை.

தெற்கே பிறந்த இசை வடக்கே சிகாகோவில் ஏன் பெயர் வாங்கியது?
— ரயில்வே ஊழியர், காட்பாடி

உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? லைன் அப்படிப் போனது. இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில் நியூ ஆர்லியன்ஸில் புறப்பட்டு மிசிசிப்பி வழியாக நேரே சிகாகோ போய்ச் சேர்ந்தது. முதல் உலகப் போரில் வடக்கே தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. தெற்கே கூலி குறைவு, பிரிவினைச் சட்டம், கும்பல் கொலை. லட்சக்கணக்கில் வண்டி ஏறினார்கள், பின்னாலேயே இசைக்காரர்களும். 1917-இல் நியூ ஆர்லியன்ஸின் ஸ்டோரிவில் என்ற விலைமாதர் பேட்டையை அரசு மூடியதால் ஜாஸ் ஊரைவிட்டுப் போனது என்று எழுதுவார்கள்; ஆனால் அந்த விடுதிகளில் பெரும்பாலும் பியானோக்காரர்தான் இருந்தார், பேண்டு வாசித்தது நடன அரங்குகளிலும் பூங்காக்களிலும். ஜாஸ் டிரம்பெட்காரர் லூயி ஆம்ஸ்ட்ராங் சிகாகோ ரயில் ஏறியது 1922-இல், குரு கிங் ஆலிவர் அழைத்ததால். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் போனது 1943-இல். நகரத்து இரைச்சலில் மரக் கிட்டார் எடுபடவில்லை, அவர் மின்சாரக் கிட்டாருக்கு மாறினார்.

ரயில் இல்லாமல் ப்ளூஸ் கதையே இல்லை. 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ஸ்டேஷனில் வண்டிக்காகக் காத்திருந்த ஹேண்டி, ஒருவர் கத்தியால் கிட்டார் கம்பியைத் தேய்த்துப் பாடுவதைக் கேட்டார். அந்தப் பாட்டின் பொருள் மொத்தமும் இரண்டு ரயில் பாதைகள் குறுக்கிடும் ஒரு ஜங்ஷன்தான்.

பழைய இசைத்தட்டுகள் அரக்கில் செய்தவை என்கிறார்களே?
— அரக்கோணம் வாசகர்

அரக்கோணத்திலிருந்து அரக்கு பற்றிக் கேள்வி! நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அந்தத் தட்டுகளைக் கெட்டியாகப் பிடித்து நிறுத்தியது ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சியின் பிசின். உலகத்துக்கு அதை அதிகம் அனுப்பியது இந்தியா. ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் குரல் பதிந்த தட்டில் நம் நாட்டுப் பூச்சிக்கும் பங்கு உண்டு.

10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். இரவெல்லாம் ஓடிய பாட்டு, நாலைந்து சரணமாகச் சுருங்கியது இதனால்தான். 1925-இல் மைக் வருவதற்கு முன் பதிவு என்பது ஒரு பெரிய கூம்புக்கு முன்னால் நின்று வாசிப்பது. பெரிய டிரம் அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்பதால், டிரம்மர்கள் மரக்கட்டையைத் தட்டிச் சமாளித்தார்கள். ஆலிவர் குழுவின் 1923 பதிவைக் கேட்டுவிட்டு ‘தாளம் சொத்தையாக இருக்கிறதே’ என்று சொல்லிவிடாதீர்கள், சொத்தை கூம்புதான்.

ஜாஸின் முதல் தட்டு, 1917 பிப்ரவரி 26 அன்று ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் குழு பதிந்தது. ஐவரும் வெள்ளையர். உருவாக்கியவர்கள் வெளியே நிற்க, தட்டு வேறு யார் பெயரிலோ முதலில் வந்தது. கறுப்பினப் பாடகி ப்ளூஸ் பதிய 1920 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது: மேமி ஸ்மித்தின் ‘கிரேஸி ப்ளூஸ்’. அது விற்ற விற்பனையைப் பார்த்துத்தான் கம்பெனிகள் தெற்கே ஆள் தேடிப் போயின.

ஜாஸ்காரர்கள் மதராஸ் வந்ததுண்டா?
— ஆற்காடு வாசகி

அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக் 1958-இல் வந்தார். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்தார்.

ஊர்வலத்துல ஒரு ப்ளூஸ் வாசிச்சுப் பார்க்கலாம்னு பசங்க ஆசைப்படறாங்க. எப்படி ஆரம்பிக்கறது?
— பேண்டு மாஸ்டர், குடியாத்தம் அருகே

சுருதியை 6½ கட்டையில் (பி ஃபிளாட்) வையுங்கள். உங்கள் டிரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் அதுதான் சொந்தச் சுருதி, விரல் சிக்காது. மெட்டு நான்கு ஸ்வரத்துக்கு மேல் வேண்டாம். டிரம்பெட் இரண்டு பார் ஊதட்டும், அடுத்த இரண்டு பார் கிளாரினெட் பதில் சொல்லட்டும். எல்லாரும் சேர்ந்து ஊதினால் பழைய பேண்டு செட்தான்.

தாளத்தில் இரண்டு விஷயம். சைடு டிரம் அழுத்தம் ஒன்று, மூன்றில் விழக் கூடாது, இரண்டு, நான்கில். பசங்களைக் கைதட்டச் சொன்னால் ஒன்றில்தான் தட்டுவார்கள், திருத்துங்கள். அடுத்தது, ஓர் எண்ணிக்கையை நேர்பாதியாக உடைக்காமல் ‘தகிட’ என்று மூன்றாக்கி, ‘த’விலும் ‘ட’விலும் மட்டும் அடியுங்கள். முதல் பாதி நீளம், இரண்டாவது குட்டை. அந்த நொண்டல்தான் ஸ்விங். வேகம் கூடக் கூட நொண்டல் தானே குறையும். வேக நடையில் வலிந்து நொண்டினால் குதிரைச் சவாரி மாதிரி ஆகிவிடும்.

டிரம்பெட்டில் அந்த நடு ஸ்வரத்துக்கு வால்வைப் பாதி அழுத்தலாம், உதட்டைத் தளர்த்தலாம். ‘வா வா’ ஓசைக்குக் கடையில் காசு கொடுக்க வேண்டாம், அடைப்பு எடுக்கும் ரப்பர் கப்பில் (புதிதாக வாங்கியது!) குச்சியைக் கழற்றிவிட்டு இடது கையில் பிடித்து டிரம்பெட்டின் அகன்ற வாயின் முன் திறந்து மூடுங்கள். அப்பி மூடினால் சுருதி விலகி மூச்சும் முட்டும், விரல் அளவு இடைவெளி இருக்கட்டும். ஆலிவர் தம்ளர், கப் என்று கிடைத்ததையெல்லாம் இப்படி வைத்து வாசித்தவர்.

குடியாத்தம் சித்திரை வெயிலில் பித்தளை சூடேறினால் சுருதியும் ஏறும். மண்டபத்து நிழலில் சேர்த்த சுருதி தெருவில் நிற்காது. பத்து நிமிடம் வெளியே ஊதிச் சூடாக்கிய பிறகு ட்யூனிங் ஸ்லைடை இழுத்துச் சேருங்கள். நாணல் வாத்தியம் வேறு அளவில் ஏறும் என்பதால் கிளாரினெட்டைத் தனியாக ஒருமுறை சரிபாருங்கள்.